ஓரத்தில் மட்டும் மை

நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் மூக்கு இரண்டு இடத்தில் முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறது. வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. கதை விடுவதற்காக யாரும் இவ்வளவு தூரம் செலவு செய்ய மாட்டார்கள்.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. நாய் ஊளையிடவில்லை. கரண்ட் போகவில்லை. பட்டப்பகல். காலை 11.10க்கும் மதியம் 12.30க்கும் நடுவே, ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. அதனால்தான் இன்றைக்கும் உச்சி வெயில் ஏறினால் ஜன்னலை மூடிவிடுகிறேன்.

நான் ஒரு டிசைனர். தொழிற்சாலைகளுக்குக் காற்று ஊதும் இயந்திரம், அதாவது ப்ளோயர், செய்கிற கம்பெனி எங்களுடையது. ஒவ்வொரு பாகமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து, திரையிலேயே ஒன்றோடொன்று பொருத்தி, முழு இயந்திரமாக்கிக் காட்டுவது என் வேலை. எட்டு வருஷமாக டிசைன் ரூமில் நான் ஒருத்திதான் பெண். எதிரில் 'மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'பட்டாசு' என்பார்கள். தப்பில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கீழே ஷெட்டிலிருந்து யாராவது இன்டர்காமில் கூப்பிட்டு "மேடம், அளவு சரியா வரலையே" என்று இழுத்தால் போதும், எரிந்து விழுவேன். "என் டிராயிங் பொய் சொல்லாது. நீங்க உங்க வேலையப் பாருங்க." டக்கென்று போனை வைத்துவிடுவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் ஃபிட்டர். செய்து முடித்த ப்ளோயரை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பது அவர் பொறுப்பு. ஷெட்டின் நடுவே ஒரு கம்பி வலைக் கூண்டு. அதற்குள் இயந்திரம். கூண்டுக்கு வெளியே மூன்றடி தள்ளி சுவிட்ச் பெட்டி. அதன் முன்னால் அவர் நிற்பார். இரும்புப் படிக்கட்டு ஏறினால் மேலே எங்கள் டிசைன் ரூம். ஜன்னலோரம் என் மேஜை. கண்ணாடி வழியே பார்த்தால் அவருடைய உச்சந்தலை தெரியும், சொட்டை விழ ஆரம்பித்திருந்த இடம் உட்பட.

அன்று விடுமுறை. மறுநாள் வாடிக்கையாளர் வருகிறார் என்பதால் அவர் ப்ளோயரை ஓட்டிப் பார்க்க வேண்டும், நான் கடைசி அசெம்ப்ளி டிராயிங்கை முடித்துக் கொடுக்க வேண்டும். கேட்டில் வாட்ச்மேன். உள்ளே நாங்கள் இரண்டு பேர். ஓட்டம் 12.30க்கு.

காலையில் பைக்கில் வரும்போதே சண்டை.

"வீல மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ மை தடவிப் பாத்துடறேன்டி."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ப்ளோயரின் சக்கரம் நூற்று எண்பது கிலோ. அது உட்காரும் ஷாஃப்ட்டின், அதாவது சுழலும் தண்டின், முனை உருண்டையாக நேராக இருக்காது. புனல் போலப் போகப்போக மெலியும். அதை டேப்பர் என்போம். சக்கரத்தின் நடுத்துளையும் அதே சரிவில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சரிவு என்றால் உள்ளே தள்ளி நட்டை முறுக்கியதும் உடும்புப்பிடி. சரிவு மயிரிழை மாறினாலும் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு மற்ற இடம் காற்று வாங்கும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஷாஃப்ட்டில் நீல மை தடவி, சக்கரத்தைத் தள்ளி, திருப்பி எடுத்துப் பார்ப்பார்கள். துளை முழுக்க மை பிடித்திருந்தால் ஓட்டலாம். ஓரத்தில் மட்டும் பிடித்திருந்தால் ஓட்டக் கூடாது.

எனக்குச் சுருக்கென்றது.

"மூணு மாசம் உக்காந்து வரைஞ்சிருக்கேன். ஊர்ல எவன் டிராயிங்க வேணா சந்தேகப்படுங்க. பொண்டாட்டி டிராயிங்கயுமா? என் டிராயிங் பொய் சொல்லாது. நீங்க உங்க வேலையப் பாருங்க."

பைக்கை முறுக்கினார். கேட்டுக்குள் நுழையும்போது சொன்னார்.

"சரி தாயே. தடவல."

வீட்டில் சண்டை வேண்டாமென்று ஒரு மனுஷன் விட்டுக்கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

இனி என் பங்கு. டேப்பர் பாகங்களைத் திரையில் பொருத்த, இரண்டின் சரிந்த முகத்தையும் காட்டி 'சேர்' என்று சொல்ல வேண்டும். சரிவு ஒன்றாக இருந்தால் சேரும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு அடம்பிடிக்கும். இந்த ப்ளோயரின் சக்கரத்தையும் ஷாஃப்ட்டையும் நான் புதிதாக வரையவில்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஃபைலை நகலெடுத்துப் பெயர் மாற்றினேன். சேர்த்தேன். சிவப்புக் குறி வந்தது. அது பல வாரத்துக்கு முந்தைய ஒரு மாலை ஆறு மணி, தலைவலி வேறு. ஏன் வருகிறது என்று நான் தேடவில்லை. அந்த இணைப்பை அழித்தேன். சக்கரத்தின் வெளிமுகமும் ஷாஃப்ட்டின் வெளிமுகமும் ஒரே மட்டத்தில் நிற்கட்டும் என்று வேறொரு இணைப்புப் போட்டேன். சிவப்பு போய்விட்டது. திரையில் அம்சமாக உட்கார்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். எங்கள் தொழிலில் பலரும் செய்கிற காரியம்.

11.10. கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

சக்கரம் ஷாஃப்ட்டில் இல்லை. ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது. முந்தின நாள் மூடும்போது பொருந்தித்தான் இருந்தது. இடது பக்கப் பட்டியலைப் பார்த்தேன். நான் போட்ட இணைப்பு அழிந்திருந்தது. கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே மறுபடி போட்டேன். வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. சேமித்தேன்.

11.31. தண்ணீர் பிடிக்கப் படி இறங்கிக் குழாயடிக்குப் போனேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தால் சக்கரம் மறுபடி வெளியே நின்றது. மவுஸைத் தொட்டேன். பிசுபிசுத்தது. கையைப் பார்த்தேன்... நீலம். மவுஸின் மேல் ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை, ஆணின் விரல், அச்சுப் போட்டது போல இருந்தது.

காலைச் சண்டைக்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். இன்டர்காமை எடுத்தேன்.

"மேல வந்தீங்களா?"

"நானா? இல்லையே."

"என் மவுஸ் பூரா நீல மை. சின்னப் புள்ளையா நீங்க?"

"மை டப்பாவையே நான் தொறக்கலடி. நீதான் வேணாம்னியே."

அவர் குரலில் சிரிப்பு இல்லை. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

11.46. துணியால் துடைத்தேன். போகவில்லை, பரவியது. இணைப்பைப் போட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தேன். பத்து நொடி ஒன்றுமில்லை. பிறகு சக்கரம் நகர்ந்தது. ஒரு மில்லிமீட்டர்... இன்னொரு மில்லிமீட்டர்... யாரோ இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டி ஆட்டிக் கழற்றுவது போல.

என் கை மடியில்தான் இருந்தது.

11.58. சத்தம் வந்தது.

ணங்.

ணங்.

டொக்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். சக்கரத்தை மாட்டியதும் பித்தளைச் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டிக் கேட்பார்கள். நன்றாக உட்கார்ந்திருந்தால் மூன்றும் 'ணங்' என்று பாடும். எங்காவது காற்று இருந்தால் ஒரு தட்டாவது 'டொக்' என்று செத்துப்போகும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் தூரத்தில் மேஜை மேல் கிடந்தது.

சத்தம் மறுபடி வந்தது. கீழேயிருந்து இல்லை. என் திரைக்குள்ளிருந்து.

இந்த மூன்று தட்டை எங்கள் ஷெட்டில் பழக்கியவன் 'விசில்'. என் வீட்டுக்காரருக்கு முன்னால் ஓட்டம் பார்த்த ஃபிட்டர். நட்டு முறுக்கும்போதெல்லாம் விசிலடிப்பான், அதனால் அந்தப் பெயர். ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே கூண்டில், ஓடிக்கொண்டிருந்த சக்கரம் கழன்று வந்து அவன் முகத்தில் அடித்தது. மூக்குக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. நட்டைச் சரியாக முறுக்காமல் ஓட்டிவிட்டான் என்று விசாரணையில் எழுதினார்கள். எல்லாரும் அதையே சொன்னோம். நானும் சொன்னேன். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

12.09. எதிர் மேஜையின் உருளை வைத்த நாற்காலி தானாக உருண்டது. கிர்ர்ர்... என்று என் பின்னால் வந்து நின்றது. யாரோ உட்கார்ந்ததுபோல் அதன் மெத்தை 'புஸ்' என்று அமுங்கியது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு இணைப்பை மறுபடி போட்டேன். பயத்திலும் என் பிடிவாதம் போகவில்லை பாருங்கள்.

12.22. இன்டர்காம் அடித்தது. அவராகத்தான் இருக்கும் என்று உயிர் போய் உயிர் வந்தது. பாய்ந்து எடுத்தேன்.

"மேடம்..."

சண்டை போட்ட நாட்களில் அவர் என்னைக் கேலியாக 'மேடம்' என்பார். குரல் கரகரத்தது. மூச்சு வாய் வழியாக இல்லாமல் வேறெங்கோ கசிந்தது.

"மை முழுசாப் பிடிக்கல மேடம். ஓரத்துல மட்டும்தான் பிடிக்குது... ஓட்டலாமா?"

அப்படியென்றால் என் பேச்சை மீறி மை தடவிப் பார்த்திருக்கிறார்! இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாக வெடித்தது.

"என் டிராயிங் பொய் சொல்லாது. நீங்க உங்க வேலையப் பாருங்க!"

டக்கென்று போனை வைக்கப் போனேன்.

பிறகு... ரொம்ப மெல்ல... விசில் கேட்டது. ஈரமான விசில். உதடு இல்லாதவன் அடிப்பது போல.

ஜன்னல் வழியே பார்த்தேன். என் வீட்டுக்காரர் கூண்டுக்குள் குனிந்து, இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்து நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். கீழ் போன் இருபதடி தள்ளித் தூணில் மாட்டியிருந்தது. ரிசீவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

12.23. மேஜை டிராயர் பாதி திறந்திருந்தது. அதன் விளிம்பில் என் வலது கை. டிராயர் மூடியது. சாதாரணமாக இல்லை, பத்து ஆள் சேர்ந்து உதைத்தது போல மூடியது. எலும்பின் சத்தம் எனக்கே கேட்டது. கத்தினேன். இழுத்தேன். கை வந்தது. இரண்டு நகம் வரவில்லை.

எழுந்து ஓட நினைத்தேன். பின்னாலிருந்து என் முடி கொத்தாகப் பிடிபட்டது.

மூன்று தடவை.

முகத்தை முன்னால் தள்ளித் திரையில் அடித்தது. ணங். நெற்றி.

ணங். கன்னம்.

டொக். மூக்கு.

வாயெல்லாம் இரத்தம். கண்ணைத் திறக்க முடியவில்லை. முடியைப் பிடித்த கை விடவில்லை. என் முகத்தைத் திரையோடு ஒட்டி வைத்து அழுத்தியது. பார்... பார்... என்பது போல.

பார்த்தேன்.

திரையில் சக்கரத்தை யாரோ குறுக்கே வெட்டிக் காட்டியிருந்தார்கள். அப்படி வெட்டிப் பார்க்கும் வசதி உண்டு. இந்த மூன்று மாதத்தில் நான் ஒருமுறைகூடச் செய்யவில்லை. படம் தானாகப் பெரிதானது. இன்னும் பெரிதானது. ஷாஃப்ட்டும் துளையும் வெளி ஓரத்தில் தொட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்து உள்ளே... ஒரு கறுப்புக் கோடு. போகப்போக அகலமான கோடு. ஷாஃப்ட்டின் சரிவைப் பத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தது. துளையின் சரிவை மூன்று டிகிரி என்று எழுதியிருந்தது. கேட்க இரண்டும் ஒன்று போல இருக்கும்; பத்துக்கு ஒன்று என்பது மூன்று டிகிரிக்கு மயிரிழை குறைவு. ஒன்றில்லை.

சக்கரம் ஷாஃப்ட்டைப் பிடிக்கவே இல்லை. என் சிவப்புக் குறி அதைத்தான் சொல்லியிருக்கிறது.

கீழே அவர் அந்தச் சக்கரத்தைத்தான் மாட்டியிருந்தார். மை தடவாமல். என் பேச்சை நம்பி.

12.26. முடியைப் பிடித்த கை விட்டது. போனை எடுத்தேன். உள்ளே விசில் மட்டும். எறிந்தேன். கதவுக்கு ஓடினேன். கைப்பிடி நீலமாக இருந்தது. திருகினேன். திரும்பவில்லை. தோளால் இடித்தேன். காலால் உதைத்தேன். பூட்டே இல்லாத கதவு அது.

"திறடா! அவர் என்னடா பண்ணாரு உன்ன? திறடா!"

ஜன்னலுக்கு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினேன். அவர் காதில் சத்தம் தடுக்கும் மூடி மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். எவ்வளவு சண்டை என்றாலும் ஓட்டத்துக்கு முன்னால் ஜன்னலைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டுவார். பதினோரு வருஷக் கல்யாணத்தில் அது ஒன்றுதான் அவர் கற்றுக்கொண்ட சமாதானம். அன்றும் காட்டினார். கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயில் என் ஜன்னலில் பட்டு அவர் கண் கூசியிருக்க வேண்டும். என் முகத்து இரத்தம் அவருக்குத் தெரியவில்லை.

12.28. சுவிட்சை அழுத்தினார்.

ஊஊஊ... என்று ஏற ஆரம்பித்தது. முழு வேகம் வர இரண்டு நிமிஷம் ஆகும்.

அப்போதுதான் என் கழுத்தைப் பிடித்தது.

பின்னாலிருந்து... இரண்டு கையும். பிசுபிசுப்பான, ஜில்லென்ற விரல்கள். என் கால் தரையில் இல்லை. என்னைத் தூக்கிக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தது. கண்ணை மூட விடவில்லை.

கீழே, அவருக்குப் பின்னால், ஒருவன் நின்றான். நீலக் கறை படிந்த சட்டை. மூக்கு வரை முகம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அவன் என்னைத்தான் பார்த்தான்.

அவன் அங்கே நின்றான். கைகள் இங்கே இருந்தன.

சத்தம் ஏறியது. ஜன்னல் அதிர்ந்தது. கூண்டு ஆட ஆரம்பித்தது. அவர் முன்னால் குனிந்தார். ஏதோ சரியில்லை என்று பார்க்கிறார்...

போகாதே. போகாதே.

என் மேஜையில் பேப்பர் பறக்காமலிருக்க ஒரு டேப்பர் கட்டை வைத்திருப்பேன். நாலு கிலோ இரும்பு. இடது கையால் துழாவினேன். கிடைத்தது. பின்னால் சுழற்றி அடித்தேன். காற்று. ஒன்றுமே இல்லை.

கண்ணாடியில் அடித்தேன்.

விரிசல்.

மறுபடி.

கழுத்தை அவன் விடவில்லை. ஆனால்... என் கையைத் தடுக்கவும் இல்லை.

மறுபடி!

கண்ணாடி உடைந்து கீழே கொட்டியது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வலது பக்கம் ஒரு அடி... ஒரே ஒரு அடி... நகர்ந்தார். இடது கை மட்டும் சுவிட்சை அணைக்க நீண்டது.

12.30.

சக்கரம் வந்தது.

கூண்டைக் கிழித்தது. சுவிட்ச் பெட்டியை எடுத்தது. கையை எடுத்தது. தரையில் மோதி எகிறியது. என் அறைக்கு வெளியே இருந்த இரும்புப் படிக்கட்டைச் சுவரோடு பிடுங்கியது. அதன் கீழே நின்ற இரும்பு அலமாரிகளை நசுக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் செருகி நின்றது. எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம்.

என் கழுத்து விடுபட்டது. கதவு தானாகத் திறந்தது. பாய்ந்தேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தேன். வெளியே படி இல்லை.

கீழே அவர் உட்கார்ந்திருந்தார். தன் கையைத் தேடினார். அது நாலடி தள்ளிக் கிடந்தது. கடிகாரம் இன்னும் அதில் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் ஏணி கொண்டுவந்து என்னை இறக்கும்வரை நான் மேலே நின்று கத்திக்கொண்டே இருந்தேன்.

அவர் பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் சொன்னது இது: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க. எனக்குக் கையோட போச்சு. அழாதடி." நான் என் தப்பைச் சொன்னேன். சிவப்புக் குறியை, அழித்த இணைப்பை, விசிலை, எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனியிலும் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "கதவு தொறந்திருந்தா நீ அந்தப் படியிலதான் இருந்திருப்ப. அவன் உன்னக் காப்பாத்தியிருக்கான்" என்றார். எனக்கும் அப்படி நம்ப ஆசையாக இருந்தது.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. 12.22க்கு வந்த போனை.

சுவரில் செருகியிருந்த சக்கரத்தை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். துளையின் வெளி ஓரத்தில் மட்டும் மோதிரம் போல நீல மை. ஷாஃப்ட் முழுக்க மை. அவர் சாமி சத்தியமாகத் தொடவில்லை என்கிறார். மை டப்பாவின் முத்திரைகூடப் பிரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, நசுங்கிய அலமாரிகளை அப்புறப்படுத்தும்போது ஒன்றின் பின்னால் விழுந்து கிடந்த ஒரு பழைய ஓட்ட நோட்டை வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தார். விசிலின் நோட்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மணி போட்டு எழுதுவான். என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, மடியில் வைத்து, ஒரு கையால் புரட்டினார். விசில் செத்த நாளின் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி.

'12.15. மை ஓரத்தில் மட்டும் பிடிக்கிறது. 12.22. டிசைன் ரூமுக்குப் போன். மேடம் பதில்: டிராயிங் சரி, உன் வேலையைப் பார். 12.30. ஓட்டம்.'

டிசைன் ரூமில் அன்றும் இன்றும் மேடம் ஒருத்திதான்.

எனக்கு அந்தப் போன் நினைவில் இல்லை. சத்தியமாக நினைவில் இல்லை. அப்படி எத்தனை போன்.

அவர் அடுத்த தாளைத் திருப்பினார். கை நின்றது. அதே கையெழுத்து. தேதி மட்டும் எங்களுடையது. மூன்று வாரத்துக்கு முந்தையது. எழுத்தின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை. அவர் தொட்டதும் விரலில் நீலம் ஒட்டியது. இன்னும் காயவில்லை.

'12.22. டிசைன் ரூமுக்குப் போன். மேடம் அதே பதில். 12.30. ஓட்டம்.'

நீலம் ஒட்டிய விரலைப் போர்வையில் துடைத்தார்.

"அன்னைக்குப் போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன சொன்ன?"

சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

அவர் நோட்டை மூடப் பார்த்தார். ஒரு கையால் மூட வரவில்லை. இரண்டு தடவை வழுக்கி மடியில் விழுந்தது. நான் எடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"காலையில என்கிட்டயும் இதத்தானேடி சொன்ன" என்றார்.